மஞ்சள் லைட் மினுக்குதா? ஓரம் கட்டுங்க பாஸ்!

மெக்கானிக்கல் படிக்கிற பையன் ஒருத்தன் குடும்பத்தில் இருந்தால் போதும். மிக்ஸி ஓடலைன்னாலும் கூப்பிடுவாங்க, போர் மோட்டார் ஓடலைன்னாலும் கூப்பிடுவாங்க. பொங்கல் லீவில் கொல்லிமலைக்குக் கிளம்பியபோது பெரியப்பா என்னை முன் ஸீட்டில் உட்கார வைத்ததும் அந்த நம்பிக்கையில்தான். வண்டி 2006 மாடல் எஸ்.யூ.வி. நாலு சிலிண்டர், பெட்ரோல். சொந்த மகனைவிட அதிகமாகத் தேய்த்துக் குளிப்பாட்டி வைத்திருப்பார்.

காரவள்ளி தாண்டினால் கொண்டை ஊசி வளைவுகள். மொத்தம் 70. பத்தாவது வளைவிலேயே வண்டி விக்கல் எடுத்த மாதிரி குலுங்க ஆரம்பித்தது. டேஷ்போர்டில் இன்ஜின் படம் போட்ட மஞ்சள் லைட், மினுக் மினுக்!

"என்ன கண்ணு, லைட்டு மினுக்குது?"

"சென்ஸார் ஏதாவது மக்கர் பண்ணும் பெரியப்பா... நீங்க போங்க!"

போனோம். மீதி அறுபது வளைவும் ஏறினோம். என் அந்த ஒரு வரிக்கு என்ன விலை என்று கடைசியில் சொல்கிறேன்.

முதலில் லைட் மேட்டர். அது விடாமல் எரிந்தால், 'சீக்கிரம் யாரிடமாவது காட்டு' என்று அர்த்தம். மினுக்கினால், 'இப்பவே நிறுத்து' என்று அர்த்தம். கன்வெர்ட்டரைப் பொசுக்குகிற அளவுக்கு இன்ஜின் மிஸ்ஃபயர் ஆகிறது என்று வண்டியின் கம்ப்யூட்டர் கதறுகிற கதறல் அது. நாலு வருஷ இன்ஜினீயரிங்கில் மூணாவது வருஷம் வந்தும் எனக்கு இது தெரியாது. செமஸ்டரில் ஆட்டோ சைக்கிள் படம் போட்டுப் பதினாறு மார்க் வாங்கியவன்தான் நான்!

மிஸ்ஃபயர் என்றால் பெரிய சிதம்பர ரகசியம் இல்லை. காற்று வருகிறது, பெட்ரோல் வருகிறது, ஆனால் ஒரு சிலிண்டரில் பற்றவில்லை. குரூப் ப்ராஜெக்ட்டில் நாலு பேரில் ஒருத்தன் கட் அடித்தால் மற்ற மூணு பேரும் முக்கி முனகி இழுப்பாங்களே, அதே கதை. ஆனால் கட் அடித்தவன் சும்மா போகவில்லை. எரியாத பெட்ரோலையும் ஆக்சிஜனையும் அப்படியே ஸைலன்ஸர் பக்கம் தள்ளிவிட்டுப் போகிறான். அங்கேதான் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் உட்கார்ந்திருக்கிறது.

கன்வெர்ட்டரைப் பார்த்திருக்கீங்களா? வெளியே ஒரு ஸ்டீல் டப்பா. உள்ளே தேன்கூடு மாதிரி செராமிக் கட்டி. அந்தத் துளைகளின் சுவரில் பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம் பூசியிருப்பார்கள். கார்பன் மோனாக்ஸைடு, எரியாத பெட்ரோல், நைட்ரஜன் ஆக்ஸைடுகள் இந்த மூன்றையும் கார்பன் டை ஆக்ஸைடு, தண்ணீர், நைட்ரஜனாக மாற்றி அனுப்புவதுதான் அதன் வேலை. 1995 ஏப்ரலில் சென்னை உட்பட நாலு பெருநகரங்களில் புது பெட்ரோல் கார்களுக்கு இது கட்டாயமானது. ஈயம் கலக்காத பெட்ரோலும் அப்போதுதான் அங்கே வந்தது. காரணம், ஈயம் அந்தப் பூச்சின் மேல் படிந்தால் கன்வெர்ட்டர் காலி.

ஈயம் போய்விட்டது. மிஸ்ஃபயர் இருக்கிறதே! சில நூறு டிகிரி சூட்டில் வேலை செய்கிற தேன்கூட்டுக்குள் பச்சைப் பெட்ரோல் போய்ப் பற்றினால், சூடு ஆயிரத்தைத் தாண்டி எகிறும். செராமிக் உருகும். துளைகள் அடைபடும். அப்புறம் புகை வெளியேற வழியில்லை, புதுக் காற்று உள்ளே வர இடமில்லை. மூக்கைப் பொத்திக்கொண்டு நூறு மீட்டர் ஓடிப் பாருங்க, புரியும்.

மலையை விட்டு இறங்கும்போது ஒன்றும் தெரியவில்லை. இறக்கம்தானே! ரெண்டு நாள் கழித்து சேலம் ரோட்டில் ஆக்ஸிலேட்டரை முழுசாக மிதித்தும் வண்டி அறுபதைத் தாண்டவில்லை. முதலில் போன வொர்க்‌ஷாப்பில் ஸ்கேனரை மாட்டினார்கள். ரெண்டு கோடு வந்தது. பி0302, பி0420. முன்னது ரெண்டாவது சிலிண்டரில் மிஸ்ஃபயர். பின்னது கன்வெர்ட்டர் திறன் குறைவு. ஆறிப்போன இன்ஜின் அங்கே ஒழுங்காக ஓடியதால் முதல் கோடை அழித்துவிட்டு, ரெண்டாவதுக்கு மட்டும் எஸ்டிமேட் போட்டார்கள். என் ரெண்டு செமஸ்டர் ஃபீஸ்! பெரியப்பா பேப்பரை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். ஒன்றும் பேசவில்லை.

இங்கேதான் பாஸ் பலரும் ஏமாறுகிறார்கள். மிஸ்ஃபயரைச் சரி பண்ணாமல் புதுக் கன்வெர்ட்டர் போட்டால், புதுசும் அதே வழியில் சாகும்.

அடுத்து போன இடம், புளியமரத்தடி ஷெட். அந்த அண்ணன் பானெட்டைக்கூடத் திறக்கவில்லை. "தம்பி, லைட்டு மினுக்குச்சா, நின்னு எரிஞ்சுதா?" என்றார். நான் ஷூவைப் பார்த்துக்கொண்டு, "மினுக்குச்சுண்ணா..." என்றேன்.

வண்டியை நன்றாகச் சூடாகும்வரை ஓட்டினார். குலுங்கியது. ரெண்டாவது சிலிண்டரின் இக்னிஷன் காயிலைக் கழற்றி மூணாவதில் மாட்டினார், மூணாவதை ரெண்டில். கோடை அழித்துவிட்டு மறுபடி ஒரு ரவுண்டு. இப்போது வந்தது பி0303. குற்றவாளி இடம் மாறிப் போய் மாட்டிக்கொண்டான்! பத்துப் பைசா செலவில்லாத டெஸ்ட். சூடானால் மட்டும் படுத்துக்கொள்கிற காயில், அதனால்தான் முதல் இடத்தில் சிக்கவில்லை. கோடு நகராமல் ரெண்டிலேயே நின்றிருந்தால்? ஸ்பார்க் ப்ளக்கை இதே மாதிரி மாற்றணும். அப்புறம் இன்ஜெக்டர். அதுவும் இல்லையென்றால் கம்ப்ரஷன் டெஸ்ட், அது கொஞ்சம் வயிற்றைக் கலக்கும் சமாசாரம். ஒரே ஒரு சிலிண்டர் என்று இல்லாமல் பி0300 வந்தால், வெடித்த வேக்குவம் ஹோஸ், பெட்ரோல் பிரஷர் என்று எல்லோருக்கும் பொதுவானதைத் தேடணும். பழைய வண்டியில் ப்ளக் குழிக்குள் ஆயில் நிற்கிறதா என்றும் பாருங்க. மேல் கவர் ஸீல் போயிருந்தால் நிற்கும்.

அப்புறம் கன்வெர்ட்டர். பி0420 வந்துவிட்டதாலேயே அது செத்துவிட்டது என்று அர்த்தமில்லை. பின்னால் இருக்கிற ஆக்சிஜன் சென்ஸார் சொல்கிற புகார் அது. முன் சென்ஸார் ஏறி இறங்கிக்கொண்டே இருக்கும், கன்வெர்ட்டர் நன்றாக இருந்தால் பின் சென்ஸார் கிட்டத்தட்ட அமைதியாக இருக்கும். அதுவும் முன்னதைப் போலவே ஆட்டம் போட்டால் சந்தேகப்படலாம். பைப்பில் ஓட்டை இருந்தாலும், சென்ஸாரே கெட்டிருந்தாலும் இதே கோடு வரும். ஸோ, அதை முதலில் பாருங்க. அடைப்புக்கு வேறு டெஸ்ட். அண்ணன் முன் சென்ஸாரைக் கழற்றி, அந்த ஓட்டையில் பிரஷர் கேஜை மாட்டினார். 2500 ஆர்.பி.எம்-மில் 3 பி.எஸ்.ஐ-க்குள் இருக்கணும். முள் நாலைத் தாண்டி நின்றது. ரப்பர் சுத்தியால் டப்பாவைத் தட்டினார். உள்ளே கலகல!

பக்கத்தில் டீ குடித்துக்கொண்டிருந்தவர், "உள்ள இருக்கறதக் குத்தி எடுத்துட்டு வெறும் டப்பாவை மாட்டுங்க, பிக்கப் அள்ளும்" என்றார். பெரியப்பா முகத்தில் ஒரு வெளிச்சம்! நான் வாயைத் திறந்தது அப்போதுதான். பின் சென்ஸார் விடாது, லைட் எரிந்துகொண்டே இருக்கும். பெட்ரோல் வண்டிக்கு எமிஷன் டெஸ்ட்டில் பார்ப்பதே கார்பன் மோனாக்ஸைடும் ஹைட்ரோகார்பனும்தான், ரெண்டும் எகிறும். அந்தப் புகையை நம்ம தெருப் பிள்ளைங்கதான் இழுக்கணும். பெரியப்பா டீக்காரர் பக்கம் திரும்பவேயில்லை.

(டீசல் எஸ்.யூ.வி. வைத்திருக்கிறவங்க இதை அப்படியே காப்பி அடிக்காதீங்க. அதில் ஸ்பார்க் ப்ளக்கே கிடையாது!)

உங்களுக்கு மினுக்கினால், ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுங்க, ஓரம் கட்டுங்க, இன்ஜினை அணைங்க. காய்ந்த புல், சருகு மேல் மட்டும் நிறுத்தாதீங்க. அடியில் இருக்கிற சூட்டுக்குப் பற்றிக்கொள்ளும்.

சரி, விலை. பத்தாவது வளைவிலேயே நின்றிருந்தால் ஒரு காயிலும் டோ வண்டி வாடகையும். நிற்காததால் காயில், நாலு ப்ளக், அதற்கு மேல் ஒரு புதுக் கன்வெர்ட்டர். பணத்தை எண்ணிக் கொடுத்துவிட்டு, "எதனாலைங்க போச்சு?" என்று பெரியப்பா கேட்டார். அண்ணன் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, "வயசான வண்டிங்க... சூடு தாங்கலைங்க" என்றார்.

பெரியப்பா இந்தப் புத்தகத்தை வாராவாரம் வாங்குகிறார். என் பேர் வந்திருக்கிறதா என்று முதலில் புரட்டுவது இந்தப் பக்கத்தைத்தான்.