கதவு ஏன் திறக்கவில்லை?

சுவிசேஷ ஊழியம் என்றதும் நமது சபைகளில் ஒலிபெருக்கியும் துண்டுப்பிரசுரமும் கைதூக்கியோர் தொகையுமே நினைவுக்கு வருகின்றன. இவற்றை நாம் இகழவில்லை. இவற்றின் வழியாக ஆண்டவரை அறிந்தவர்கள் நம்மிடையே உண்டு. ஆயினும் ஊழியம் முடித்து வீடு திரும்பிய பின் கேட்க வேண்டிய கேள்விகளை நாம் கேட்பதில்லை.

வன்னிக் கிராமம் ஒன்றுக்கு நமது குழுவினர் மோட்டார் சைக்கிள்களில் சென்றனர். வீடு வீடாகத் தட்டினர். குசினியில் அடுப்புப் புகைந்தது. கதவு மட்டும் திறக்கவில்லை. இருதயம் கடினப்பட்ட ஊர் என்று அறிக்கையில் எழுதினோம். பின்னர் அவ்வூர்த் தாய் ஒருவர் சொல்லித்தான் காரியம் விளங்கியது. அன்று கிழமைக் கடன் அறவிட வரும் நாள். மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்டதும் பெண்கள் பிள்ளைகளோடு பின்வளவுக்குப் போய்விடுவார்களாம். நாம் போன சத்தமும் அதே சத்தந்தான்.

நடைமுறை இறையியல் இந்த இடத்திலேதான் தொடங்குகிறது. அது பிரசங்கம் தயாரிக்கும் கைநூல் அல்ல. இத்துறை அறிஞர் ரிச்சர்ட் ஓஸ்மர் 2008இல் வெளியிட்ட நூலில் சபைக்கு நான்கு கேள்விகளை முன்வைத்தார். என்ன நடக்கிறது? ஏன் நடக்கிறது? என்ன நடக்க வேண்டும்? நாம் எவ்வாறு செயற்படலாம்? நாமோ முதல் மூன்றையும் தாண்டி நான்காவதிலே குதித்துவிடுகிறோம்.

ஏன் என்று கேட்டால், 2009இல் யுத்தம் முடிந்தபின் வடக்கிலே பெருகிய நுண்கடன் கதை வரும். கணவனை இழந்த பெண்கள் ஒரு கடனை அடைக்க இன்னொன்றை எடுத்தார்கள். 2018இல் வறட்சி பாதித்த மாவட்டங்களில் ஒரு இலட்சம் ரூபாவுக்கு உட்பட்ட பெண்களின் நுண்கடன்களைத் தள்ளுபடி செய்ய அரசு தீர்மானித்தது. பல கடன்களில் சிக்கியிருந்த வீடுகளுக்கு அது போதவில்லை.

என்ன நடக்க வேண்டும் என்பதற்கு வேதத்தில் தூரம் போகத் தேவையில்லை. கர்த்தருடைய ஜெபத்தில், மத்தேயு 6:12இல், நமது பழைய மொழிபெயர்ப்பு சொல்வது கடன்களையே. கிரேக்க மூலத்திலும் அச்சொல்லின் பொருள் கடன்தான். லூக்கா 11:4இல் பாவம் என்று வந்தாலும், அடுத்த வரியில் கடன்பட்டவன் வந்துவிடுகிறான். ஞாயிறுதோறும் இதைச் சொல்லும் சபையில் வட்டிக்குக் கொடுப்பவர்களும் இருக்கிறார்கள். இதை எழுதக் கூச்சமாய் இருக்கிறது. ஆனால் ஊரார் அறிந்ததை நாம் மறைத்து ஆவதென்ன? அவர்கள் நமது துண்டுப்பிரசுரத்தை வாசிக்குமுன் நமது கொப்பியை வாசித்துவிட்டார்கள்.

சமூக சேவை வேறு, சுவிசேஷம் வேறு என்று சிலர் சொல்வர். உதவியைத் தூண்டிலாக்கக் கூடாது என்பதில் அவர்களோடு நாமும் ஒன்றுபடுகிறோம். 2004இல் மதமாற்றத் தடைச் சட்டமூலம் பாராளுமன்றத்துக்கு வந்தபோது நம்மீது எழுந்த குற்றச்சாட்டும் அதுவே. அச்சட்டமூலம் அநீதியானது என்பது நமது கருத்து. குற்றச்சாட்டிலே ஒரு துளி உண்மையும் இல்லை என்று சொல்ல மட்டும் நமக்குத் துணிவில்லை.

சீகாரூர்க் கிணற்றடியில் ஆண்டவர் முதலில் தண்ணீர் கேட்டார். கொடுப்பவராக அல்ல, தாகமுள்ளவராகவே பேச்சைத் தொடங்கினார். நாமோ எந்த ஊரிலும் எதையும் கேட்டு வாங்கிக் குடித்ததாக அறிக்கைகளில் காணோம்.

ஆகவே வருகிற லெந்து நாட்களில் எழுப்புதல் கூட்டத்துக்கு முன்னதாக ஒரு காரியம் செய்யலாம். சபையிலுள்ள ஓய்வுபெற்ற வங்கி ஊழியரோ ஆசிரியரோ கிழமைக்கு ஒரு மாலை ஆலய மண்டபத்தில் இருந்து, கடன் பத்திரங்களை வாசித்து விளக்கட்டும். சைவர், கிறிஸ்தவர் என்று பாராமல், ஜெபத்துக்கு இருக்கும்படி நிபந்தனை போடாமல் அது நடக்கட்டும். சிக்கன கடனுதவு கூட்டுறவுச் சங்கம் உறங்கிக் கிடக்கும் ஊர்களில் அதை எழுப்ப முயலலாம். வட்டிக்குக் கொடுத்திருக்கும் நம்மவரோடு குருவானவர் தனியே பேசட்டும். ஏன் இதைச் செய்கிறீர்கள் என்று யாராவது கேட்டால், நாம் மழுப்பாமல் இயேசுவின் பெயரைச் சொல்வோம். 1 பேதுரு 3:15 கேட்கிறவர்களுக்குத்தான் பதில் சொல்ல ஆயத்தமாயிருக்கச் சொல்கிறது.

அந்த வன்னிக் கிராமத்துக்கு நாம் மறுபடியும் போக வேண்டும். இம்முறை பஸ்ஸில் போய் இறங்கி, நடந்து போவோம்.