கார்னர்பேக்குக்கு 30 வயசாச்சா? அனுப்புறதுக்கு முன்னாடி டெட்ராய்ட் கதையைக் கேளுங்க!

எதிரணி ரிசீவருக்குத் தான் எந்தப் பக்கம் ஓடப்போகிறோம் என்று தெரியும். அவரைத் தடுக்க வேண்டிய கார்னர்பேக்குக்குத் தெரியாது. பின்னோக்கி ஓடிக்கொண்டே, அவர் இடுப்பு எந்தப் பக்கம் திரும்புகிறது என்று பார்த்து, அதே நொடியில் தானும் திரும்ப வேண்டும். அரை அடி பிந்தினால் டச்டவுன்தான். அமெரிக்கன் ஃபுட்பாலில் வயசு முதலில் காட்டிக்கொடுக்கும் இடங்களில் இதுவும் ஒன்று.

அதனால் 30-ஐத் தாண்டிய கார்னர்பேக்கை வைத்திருப்பதா, கல்லூரியில் இருந்து புது ஆளை டிராஃப்டில் எடுப்பதா என்பது என்எஃப்எல் அணிகளுக்கு வருஷா வருஷம் வரும் தலைவலி. பதில் தெரிய டேரியஸ் ஸ்லே என்ற ஒரே வீரரின் கதை போதும்.

2020 மார்ச். டெட்ராய்ட் லயன்ஸ் அணியில் ஸ்லேவுக்கும் பயிற்சியாளர் மாட் பாட்ரீஷியாவுக்கும் ஒத்துவரவில்லை. 29 வயது ஸ்லேவை, ஒரு மூன்றாம் சுற்று, ஒரு ஐந்தாம் சுற்று டிராஃப்ட் வாய்ப்புக்கு ஃபிலடெல்ஃபியா ஈகிள்ஸுக்குக் கொடுத்தார்கள். அடுத்த மாதமே டிராஃப்டில் 3-வது ஆளாக ஜெஃப் ஒகுடாவை எடுத்தார்கள். பேப்பரில் பார்த்தால் சூப்பர் கணக்கு. நடந்தது வேறு. அந்த சீசனில் டெட்ராய்ட் விட்டுக்கொடுத்தது 519 புள்ளிகள். லீகிலேயே அதுதான் அதிகம். நவம்பரில் பாட்ரீஷியா வேலை போனது. 2021-ல் முதல் போட்டியிலேயே ஒகுடாவுக்குக் குதிகால் தசைநார் அறுந்தது. 2023-ல் வெறும் ஐந்தாம் சுற்று வாய்ப்புக்கு அவரை அட்லாண்டாவுக்கு அனுப்பிவிட்டார்கள்.

ஒகுடா மேல் மட்டும் பழி போடுவது நியாயமில்லை. கொரோனாவால் அந்த ஆண்டு பயிற்சிப் போட்டிகளே கிடையாது. துணைக்கு எடுத்த அனுபவசாலி டெஸ்மண்ட் ட்ரூஃபான்ட்டும் காயத்தால் பெரும்பாலான போட்டிகளில் ஆடவில்லை. 21 வயசுப் பையன் லீகின் பெரிய ரிசீவர்களிடம் தனியாக மாட்டிக்கொண்டார்.

அப்போ மூத்தவர்களையே வைத்துக்கொள்ளலாமா? அதுவும் ஆபத்துதான். ஃபிலடெல்ஃபியா 2023 மார்ச்சில் ஜேம்ஸ் பிராட்பெரியை 3 ஆண்டு, 3.8 கோடி டாலர் ஒப்பந்தத்தில் தக்கவைத்தது. அந்த சீசனிலேயே அவர் ஆட்டம் சரிந்தது. ஸ்லேவுக்கு முழங்கால் அறுவை சிகிச்சை. 10 வெற்றி, 1 தோல்வி என்று பறந்த அணி, கடைசி 6 போட்டிகளில் 5-ல் தோற்று, பிளேஆஃப் முதல் சுற்றிலேயே டாம்பாவிடம் 32-9 என்று மண்ணைக் கவ்வியது.

அதன் பிறகு செய்ததுதான் கவனிக்க வேண்டியது. 2024 டிராஃப்டில் 22-வது ஆளாக குவின்யன் மிட்செல், 40-வது ஆளாக கூப்பர் டிஜீன். 2002-க்குப் பிறகு அந்த அணி முதல் சுற்றில் கார்னர்பேக்கை எடுத்தது அப்போதுதான். ஆனால், 33 வயது ஸ்லேவை அனுப்பவில்லை! ஒரு முனையில் ஸ்லே, மறுமுனையில் மிட்செல். டிஜீனுக்கோ முதல் நான்கு போட்டிகள் வரை பொறுமை, அதன் பிறகுதான் நிரந்தர இடம். பாதுகாப்புப் பயிற்சியாளராக விக் ஃபாஞ்சியோ வந்ததும் பெரிய காரணம், மறுக்க முடியாது. பிளேஆஃப் முதல் சுற்றில் கிரீன் பே அணிக்கு எதிராக ஸ்லேவும் மிட்செலும் ஆளுக்கு ஒரு பந்தைப் பறித்தார்கள். 2025 பிப்ரவரி 9, சூப்பர் பவுல். தன் 22-வது பிறந்தநாளில் பேட்ரிக் மஹோம்ஸ் வீசிய பந்தைப் பறித்து 38 யார்டு ஓடி டச்டவுன் போட்டார் டிஜீன். 40-22, கோப்பை ஃபிலடெல்ஃபியாவுக்கு.

அடுத்த மாதம் ஸ்லே விடுவிக்கப்பட்டார். கொடுமையாகத் தெரியலாம். ஆனால் பணக் கணக்கு அப்படி. 2025-ல் ஒரு அணியின் மொத்த சம்பள உச்சவரம்பு 27.92 கோடி டாலர். மிட்செலின் நான்கு ஆண்டு ஒப்பந்தமே சுமார் 1.5 கோடிதான். அதே ஆண்டு சாஸ் கார்ட்னருக்கு ஜெட்ஸ் கொடுத்த நீட்டிப்பு, நான்கு ஆண்டுக்கு 12.04 கோடி. இத்தனைக்கும் கார்ட்னருக்கு வயது 24தான்! புதியவர் தேறிவிட்டால் கிடைக்கும் லாபம் அவ்வளவு.

ஸ்லேவை 1 கோடி டாலருக்கு எடுத்த பிட்ஸ்பர்க் ஸ்டீலர்ஸ், சீசன் முடியும் முன்பே டிசம்பரில் விட்டுவிட்டது. ஃபிலடெல்ஃபியாவும் அவர் இடத்தை நிரப்ப 2025-ல் தடுமாறியது நிஜம். இருந்தும் அனுப்பிய நேரம் சரிதான். மூத்தவர் தளர்ந்த பிறகு ஆள் தேடுவதும் தப்பு, ஆள் தேறும் முன்பே மூத்தவரை அனுப்புவதும் தப்பு. ஒரு சீசனாவது இருவரும் சேர்ந்து ஆட வேண்டும். அந்த ஒரு வருஷச் சம்பளம் வீண் செலவு இல்லை.

டெட்ராய்ட்டுக்கும் இது புரிந்த மாதிரிதான் தெரிகிறது. 2024 மார்ச்சில் டாம்பாவில் இருந்து அனுபவசாலி கார்ல்டன் டேவிஸை வாங்கிவிட்டு, ஏப்ரலில்தான் டெரியன் அர்னால்டை 24-வது ஆளாக எடுத்தது. அந்த சீசனில் 15 வெற்றி, 2 தோல்வி.