கற்றுக்கொடுக்காமல் கணக்கு முடிக்காதீர்கள்

பத்தாவது, பிளஸ் டூ முடிவுகள் வந்த பிறகு நம் சேரிகளில் வழக்கமாகக் கேட்கிற பேச்சு ஒன்று உண்டு. ஒரு பையன் கல்லூரிக்குப் போகிறான். ஒருவன் பெயின்ட் வேலை, சென்ட்ரிங் வேலை என்று சென்னைக்கு பஸ் ஏறுகிறான். இன்னொருவனைப் பற்றி, "கடையில விட்டிருக்கோம், தொழில் கத்துக்கட்டும்" என்கிறார்கள். அது டூ வீலர் மெக்கானிக் கடையாக இருக்கலாம், வெல்டிங் பட்டறையாக இருக்கலாம், மோட்டாருக்குக் காயில் கட்டுகிற கடையாக இருக்கலாம்.

கல்லூரிக்குப் போனவனைப் பற்றி நாம் நிறையப் பேசியிருக்கிறோம். கடையில் விடப்பட்டவனைப் பற்றிப் பேசியதில்லை. ஆறேழு மாதத்தில் அவன் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருப்பான். கேட்டால், "ஓனர் வர வேண்டாம்னுட்டார்" என்பான். ஊரில் அதற்கு ஒரே விளக்கம்தான்: "அவனுக்கு வேலை வரல." நடுவில் என்ன நடந்தது என்று யாரும் விசாரிப்பதில்லை.

நம் மாவட்டத்தில் ஒரு சிறு நகரத்தில் டூ வீலர் கடை வைத்திருக்கும் ஒருவர் சில மாதங்களுக்கு முன் என்னைக் கூப்பிட்டார். அவரும் நம்மவர்தான். பன்னிரண்டு வருடம் இன்னொருவர் கடையில் வேலை செய்து, கடன் வாங்கித் தனிக்கடை போட்டவர். "தோழர், நீங்க சேத்துவிட்ட பையன் தேற மாட்டான். நம்ம ஆளுன்னுதான் இத்தனை நாள் வெச்சிருந்தேன். வேற எவனா இருந்தாலும் மொத வாரமே அனுப்பியிருப்பேன்" என்றார்.

அவர் அடுக்கிய குறைகள் எதுவும் பொய் இல்லை. ஆயில் மாற்றும்போது என்ஜினுக்கு அடியில் இருக்கும் டிரெயின் போல்ட்டை அளவுக்கு மீறி முறுக்கி மரையைக் கெடுத்துவிட்டான். வண்டிக்காரர் சண்டைக்கு வந்தார். கடைக்காரர் கைக்காசைப் போட்டு லேத்தில் கொடுத்துப் புது மரை போட்டுத் தந்தார். இன்னொரு நாள் பின் சக்கர பிரேக் ராடில் ஸ்பிளிட் பின் மாட்ட மறந்துவிட்டான். நல்ல வேளையாக வண்டி தெருவைத் தாண்டுவதற்குள் ஓனர் பார்த்துவிட்டார். காலையில் நேரத்துக்கு வருவதில்லை. எதைச் சொன்னாலும் "சரிண்ணே, சரிண்ணே" என்கிறான். செய்வது வேறாக இருக்கிறது.

நான் போய் உட்கார்ந்து ஒரே ஒரு கேள்விதான் கேட்டேன்: இந்த ஆறு மாதத்தில் அவன் கையால் செய்த வேலைகள் என்னென்ன? வண்டி கழுவினான். டீ வாங்கி வந்தான். ஸ்பேர் பார்ட்ஸ் கடைக்கு ஓடினான். காலையில் வண்டிகளை வெளியே எடுத்து வைத்து, இரவில் உள்ளே தள்ளினான். "பன்னெண்டு–பதிமூணு எடுடா" என்றால் ஸ்பேனரை எடுத்துக் கொடுத்தான். டிரெயின் போல்ட்டை அவனாக முறுக்கியது எத்தனை தடவை? "ரெண்டு தடவை இருக்கும்." எவ்வளவு இறுக்க வேண்டும் என்று யார் சொல்லிக்கொடுத்தது? கடைக்காரர் சிரித்தார். "இதையெல்லாம் யாராவது சொல்லிக் குடுப்பாங்களா? பக்கத்துல நின்னு பாத்துக் கத்துக்கணும்."

இந்த "பார்த்துக் கத்துக்கணும்" என்ற வார்த்தையை நாம் கொஞ்சம் பிரித்துப் பார்க்க வேண்டும்.

பார்த்துக் கற்றுக்கொள்வது என்பது தொழில் வீட்டுப் பிள்ளைக்காக உண்டான முறை. தச்சர் வீட்டுப் பிள்ளை உளியின் பெயரை நடக்கத் தொடங்கும்போதே கேட்டுவிடுகிறது. அப்பாவின் கை எங்கே அழுத்துகிறது, எங்கே தளர்கிறது என்று பத்து வருடம் பார்க்கிறது. அவனுக்கு யாரும் தனியாகப் பாடம் நடத்தத் தேவையில்லை. வீடே பட்டறை. நம் வீட்டுப் பிள்ளைக்கும் இப்படித் தெரிந்த வேலைகள் உண்டு. அந்தப் பையனிடம் மண்வெட்டியைக் கொடுத்து வரப்பு கழிக்கச் சொல்லுங்கள், யாரும் குறை சொல்ல முடியாது. ஆனால் அவன் வீட்டில் ஸ்பேனர் இருந்ததில்லை. பைக்கே இருந்ததில்லை.

எந்தக் கருவி எந்த வீட்டில் இருக்கலாம் என்பதைத் தீர்மானித்தது சாதி. ஒருவர் பார்க்க வேண்டிய தொழிலை அவருடைய திறமையைப் பார்க்காமல் பிறப்பைப் பார்த்து முன்கூட்டியே ஒதுக்கிவைக்கிற ஏற்பாடு இது என்று 1936-இலேயே அம்பேத்கர் விளக்கினார். 1953-இல் சென்னை மாகாணத்தில் ராஜாஜி அரசு, பிள்ளைகள் பாதி நேரம் பள்ளியிலும் மீதி நேரம் பெற்றோரின் தொழிலிலும் இருக்கட்டும் என்று ஒரு திட்டம் கொண்டுவந்தது. குலக்கல்வி என்று பெயர் சொல்லி எதிர்த்தார்கள். 1954-இல் காமராஜர் முதல்வரானதும் அது கைவிடப்பட்டது. அப்பன் தொழிலைத்தான் பிள்ளை செய்ய வேண்டும் என்பதை அன்றைக்கே நாம் மறுத்தாகிவிட்டது. அப்படியென்றால் கற்றுக்கொடுக்கும் முறையும் மாறியிருக்க வேண்டும் அல்லவா? யார் வீட்டுப் பிள்ளையும் வரலாம் என்று கதவைத் திறந்துவிட்டு, தொழில் வீட்டுப் பிள்ளைக்கு மட்டுமே பிடிபடுகிற முறையில் கற்றுக்கொடுத்தால், வந்தவன் தோற்றுத்தான் போவான். பிறகு அவனை மரமண்டை என்கிறோம்.

"சரிண்ணே" என்ற பதிலுக்கும் ஒரு வரலாறு இருக்கிறது. புரியவில்லை என்று வகுப்பில் எழுந்து சொன்ன நம் பிள்ளைகளில் எத்தனை பேருக்கு மரியாதையான பதில் கிடைத்திருக்கிறது? ஊர்த்தெருவில் பெரிய வீட்டுக்காரர் ஒரு வேலை சொன்னால், எதிர்க்கேள்வி கேட்பது திமிர் என்று பெயர் வாங்கும். தலையாட்டிவிட்டு நகர்வதுதான் அடி வாங்காமல் தப்பிக்கிற வழி என்று அப்பாவும் தாத்தாவும் கற்றுக்கொடுத்திருக்கிறார்கள். அந்தப் பழக்கத்தோடு கடைக்கு வருகிறவனிடம் "புரிஞ்சுதா?" என்று கேட்டால் "சரிண்ணே" என்றுதான் வரும். அந்தக் கேள்வியை விட்டுவிட்டு, "எங்க, ஒரு தடவை செஞ்சு காட்டு" என்று சொல்லிப் பாருங்கள். புரிந்ததா இல்லையா என்பது ஒரு நிமிடத்தில் தெரிந்துவிடும்.

"நாங்கள்லாம் அடி வாங்கித்தான் கத்துக்கிட்டோம்" என்பது அடுத்த வாதம். நம்மவர்களே பெருமையாகச் சொல்கிறார்கள். அவரிடம் கேட்டேன்: உங்களோடு அந்தக் கடையில் எத்தனை பையன்கள் இருந்தார்கள்? "ஆறு பேர்." இன்று ஸ்பேனர் பிடிக்கிறவர்கள்? "நானும் இன்னொருத்தனும்." மீதி நான்கு பேருக்கும் அதே அடிதான் விழுந்தது. அவர்கள் ஏன் கற்றுக்கொள்ளவில்லை? அடி தாங்கி நின்றவர் கதை சொல்ல இருக்கிறார். ஓடிப்போனவன் கதையைக் கேட்க ஆளில்லை.

அடிக்கு இன்னொரு பக்கமும் உண்டு. வேறு சாதிக்காரர் கடையில் திட்டு சீக்கிரமே சாதியைத் தொட்டுவிடும். பிறர் பார்வையில் படும் இடத்தில் பட்டியல் சாதியைச் சேர்ந்த ஒருவரை, பட்டியல் சாதியையோ பழங்குடியையோ சேராதவர் சாதிப் பெயர் சொல்லி இழிவாகத் திட்டுவது 1989-ஆம் ஆண்டு வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின்படி குற்றம். "தொழில் சொல்லிக் குடுக்குறவன் திட்டத்தான் செய்வான்" என்பது அதற்குச் சமாதானம் ஆகாது.

வயது முதிர்ந்தவர்களுக்கும் புதிய வேலை உடனே பிடிபடுவதில்லை என்பதற்கு இந்தக் கடைகளே சாட்சி. 2020 ஏப்ரலில் பி.எஸ். 6 விதி வந்த பிறகு புது வண்டிகளில் கார்புரேட்டர் போய் இன்ஜெக்‌ஷன் வந்துவிட்டது. இருபது வருடம் காதால் சத்தம் கேட்டே டியூனிங் பார்த்தவர்கள் ஸ்கேனர் கருவியைக் கையில் வைத்துக்கொண்டு முழித்தார்கள். தெரிந்தவரிடம் கேட்டார்கள், செல்போனில் வீடியோ பார்த்தார்கள், வகுப்புக்குப் போய் வந்தார்கள். வந்த பிறகும் தவறு செய்தார்கள். அவர்களை யாரும் லாயக்கில்லாதவர் என்று சொல்லவில்லை. கற்றுக்கொள்ள நேரம் கொடுத்தோம். அதே நேரத்தைத்தான் அந்தப் பத்தொன்பது வயதுப் பையனுக்கும் கேட்கிறோம்.

இதனால் கடைக்காரர் பக்கம் நியாயமே இல்லை என்று சொல்லிவிட முடியாது. ஒரு நாளைக்கு நான்கைந்து வண்டி பார்க்கிற கடையில் ஒரு மரை கெட்டால் அன்றைய வருமானம் போகும். நம்மவர் கடை என்றால் இன்னும் ஒரு பாரம் உண்டு. மற்றவர் கடையில் வேலை கெட்டால் "அந்தப் பையன் சரியில்லை" என்பார்கள். நம்மவர் கடையில் கெட்டால் "அவங்க கடைன்னாலே இப்படித்தான்" என்பார்கள். பிரேக்கில் மறந்துபோன ஒரு சின்னப் பின், ஓர் உயிரை எடுத்துவிடும். இங்கே இரக்கம் உதவாது. "நம்ம பையன்" என்று பரிதாபப்பட்டு மூன்று வருடம் வண்டி கழுவ வைத்துக்கொள்வதும் அவனுக்குச் செய்கிற தீமைதான். இருபத்திரண்டு வயதில் கையில் தொழிலும் இல்லாமல், கையில் காசும் இல்லாமல் அவன் வெளியே வருவான்.

ஆகவே முதலில், குறை எந்த வகை என்று பிரிக்க வேண்டும். சொல்லித்தராததால் தெரியாமல் செய்தானா? தெரிந்தும் கை பழகவில்லையா? அல்லது மனமே இல்லையா? தெரியாதவனுக்குச் சொல்லித்தர வேண்டும். கை பழகாதவனுக்குப் பழக ஏதாவது கொடுக்க வேண்டும். காயலான் கடையில் கிடைக்கிற உடைந்த என்ஜின் மூடி ஒன்று போதும். எவ்வளவு முறுக்கினால் மரை போகும் என்பதை வாடிக்கையாளர் வண்டியில் கற்றுக்கொள்ள வேண்டியதில்லை. மனமில்லாதவனிடம் உட்கார்ந்து பேச வேண்டும்.

அந்தக் கடையில் ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கினோம். பழக வேண்டிய இருபது வேலைகளை எழுதினோம்: பிளக் சுத்தம் செய்வது, ஆயில் மாற்றுவது, கிளட்ச் கேபிள் மாற்றுவது, செயின் இறுக்குவது, பிரேக் ஷூ மாற்றுவது என்று. ஒவ்வொன்றுக்கும் எதிரில் மூன்று கட்டம். பார்த்த தேதி, உதவியோடு செய்த தேதி, தனியாகச் செய்த தேதி. பிரேக்கையும் ஆக்சில் நட்டையும் யார் செய்தாலும் ஓனர் ஒரு தடவை தொட்டுப் பார்க்காமல் வண்டி வெளியே போகக் கூடாது. தாமதத்துக்குக் காரணம் விசாரித்தபோது, அவன் ஊர் டவுன் பஸ்ஸே கடை திறந்து அரை மணி கழித்துத்தான் வருகிறது என்று தெரிந்தது. அந்த அரை மணியை இரவில் ஈடுகட்டலாம் என்று முடிவானது. கெட்டுப்போன பொருளுக்குப் படியில் பிடிக்கக் கூடாது என்பதையும் பேசினோம். பிடித்தால் அடுத்த தடவை கெட்டதை மறைப்பான். அது இன்னும் ஆபத்து.

கெடு மூன்று மாதம். அதை அவனிடமும் அவன் அம்மாவிடமும் முன்கூட்டியே சொல்லியாகிவிட்டது. கெடு இன்னும் முடியவில்லை. இதுவரை இருபதில் ஒன்பது வேலை தனியாகச் செய்கிறான். என்ஜின் வேலை இன்னும் வரவில்லை. கடைசியில் வராமலே போகலாம். அப்படி ஆனால் அனுப்பிவிட வேண்டியதுதான். ஆனால் அனுப்புகிறபோது, எது வருகிறது, எது வரவில்லை என்று அந்த நோட்டைக் காட்டிச் சொல்ல வேண்டும். வருகிற வேலைக்கு இன்னொரு கடையில் ஒரு வார்த்தை சொல்லிவிட வேண்டும்.

பழகப் போகிற பிள்ளைகளுக்கும் சொல்ல வேண்டும். இந்தப் பக்கத்தைப் படிக்கும் மாணவர்களில் பலர் நாளை ஒரு பட்டறைக்குள் நுழைவீர்கள். புரியவில்லை என்றால் வாய் திறந்து சொல்லுங்கள். கருவிகளின் பெயரை முதல் வாரமே எழுதிப் பழகுங்கள். செல்போனை வேலை நேரத்தில் பையில் வையுங்கள். ஒன்று கெட்டுவிட்டால் அந்த நிமிடமே சொல்லுங்கள். உங்களுக்குக் கற்றுக்கொடுப்பவரின் நேரம்தான் அவருடைய முதல்.

சட்டம் இங்கே எவ்வளவு உதவுகிறது? 1961-ஆம் ஆண்டின் தொழில் பழகுநர் சட்டம், கற்றுக்கொடுப்பது முதலாளியின் கடமை என்றும், ஊக்கத்தோடு கற்பது பழகுநரின் கடமை என்றும் எழுதிவைத்திருக்கிறது. 1973-இல் திருத்தி, பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் இடஒதுக்கீடும் சேர்த்தார்கள். ஆனால் 30 பேரும் அதற்கு மேலும் வேலை செய்கிற நிறுவனங்களுக்குத்தான் பழகுநரை எடுப்பது கட்டாயம். 4 முதல் 29 பேர் வரை உள்ள இடங்களுக்கு அது விருப்பம். ஓனரும் ஒரு பையனுமாக இருக்கிற சாலையோரக் கடை இந்தக் கணக்கிலேயே வராது. நம் பிள்ளைகளில் பெரும்பாலோர் போய் நிற்பது அந்தக் கடைகளில்தான்.

மாநில அரசு 2023-இல் தொடங்கிய அண்ணல் அம்பேத்கர் தொழில் முன்னோடிகள் திட்டத்தில், பட்டியல் சாதியினரும் பழங்குடியினரும் தொடங்கும் தொழில்களுக்கு 35 விழுக்காடு முதலீட்டு மானியம் கிடைக்கிறது. கடை திறக்க உதவி இருக்கிறது. அந்தக் கடையில் அடுத்தவனை வளர்க்கவும் உதவி வேண்டும். சிறு கடையில் பழகும் பையனுக்கு ஒரு வருடத்துக்கு உதவித்தொகையைத் தாட்கோ நேரடியாக அவன் வங்கிக் கணக்கில் போடலாம். அப்படிச் செய்தால் கெட்டுப்போன ஒரு மரைக்காக ஒரு பையனை விரட்ட வேண்டிய நெருக்கடி கடைக்காரருக்குக் குறையும். இதை மாவட்ட நிர்வாகத்திடம் கோரிக்கையாக வைக்க வேண்டும்.

அரசு செய்கிற வரை நாம் செய்யக்கூடியது ஒன்று இருக்கிறது. கடையிலிருந்து திரும்பி வந்த பையனைப் பார்த்து "ஏன்டா வந்துட்ட?" என்று கேட்பதை நிறுத்துவோம். அவனை உட்காரவைத்து, "அங்க உனக்கு என்னென்ன வேலை சொல்லிக் குடுத்தாங்க?" என்று கேட்போம். பதில் டீயும் வண்டி கழுவுவதும்தான் என்றால், அவன் இன்னும் தொழில் பழகவே தொடங்கவில்லை. வேறு கடை பார்ப்போம். இந்த முறை சேர்த்துவிடும்போதே, என்னென்ன கற்றுக்கொடுப்பீர்கள் என்று ஓனரிடம் கேட்டு எழுதி வாங்கிக்கொண்டு வருவோம்.