கொக்கிக்குக் கீழே நிற்பவர் யார்?

2024 டிசம்பர் 19 அன்று மேட்டூர் அனல்மின் நிலையத்தில் நிலக்கரித் தொட்டி சரிந்து விழுந்தது. இரண்டு பேர் இறந்தார்கள். ஐந்து பேர் காயமடைந்தார்கள். இறந்த இருவரும் ஒப்பந்தத் தொழிலாளர்கள். நம் மாவட்டத்துச் செய்தி என்பதால் ஒரு வாரம் பேசினோம், பிறகு மறந்துவிட்டோம்.

கிரேன் விபத்துகளின் கதையும் இதுதான். 2020 ஆகஸ்ட் 1 அன்று விசாகப்பட்டினம் இந்துஸ்தான் கப்பல் கட்டும் தளத்தில், பயன்பாட்டுக்கு வருமுன் சுமையேற்றிச் சோதித்த கிரேன் சரிந்து 11 பேர் மாண்டார்கள். மூன்று ஆண்டு கழித்து அதே ஆகஸ்ட் 1 அதிகாலை, மகாராஷ்டிரத்தின் ஷாப்பூர் அருகே சம்ருத்தி விரைவுச்சாலைப் பாலத்தில் கர்டர் தூக்கும் இயந்திரம் விழுந்து 20 பேர் மாண்டார்கள். பிழைப்புக்காகத் தமிழ்நாட்டிலிருந்து போனவர்களும் அவர்களில் உண்டு.

இத்தனைக்கும் விதிகள் இருக்கின்றன. கட்டடத் தொழிலாளர்களுக்கான 1996ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் 1998இல் மத்திய விதிகள் வந்தன. தூக்கு இயந்திரத்தை முதல் முறை பயன்படுத்துமுன் தகுதி பெற்றவர் சோதிக்க வேண்டும். ஆண்டுக்கு ஒரு முறையாவது முழுமையாக ஆராய வேண்டும். எவ்வளவு எடை தூக்கலாம் என்பதை அதன் மீதே எழுத வேண்டும். இரும்பு வடத்தை மூன்று மாதத்துக்கு ஒரு முறை பார்க்க வேண்டும். ஒரு கம்பி அறுந்தாலும் அதன்பின் மாதந்தோறும் பார்க்க வேண்டும். 18 வயது நிரம்பாதவர் கையில் இயந்திரத்தைக் கொடுக்கக் கூடாது.

இதெல்லாம் பெரிய பாலங்களுக்குத்தானே என்று நினைக்க வேண்டாம். ராசிபுரம், சேந்தமங்கலம், ஆத்தூர் பக்கம் கோடையில் கிணறு வெட்டும் கிரேனைப் பாருங்கள். மண் ஏறும் அதே பக்கெட்டில்தான் ஆளும் இறங்குகிறார். வடம் எப்போது மாற்றப்பட்டது என்று கேட்டால் பதில் சொல்ல ஆளில்லை. அறுந்தால் விழும் இடத்தில், அறுபது எழுபது அடி ஆழத்தில், மனிதர்கள் நிற்கிறார்கள்.

அந்த மனிதர்கள் யார்? நாங்கள் போன ஊர்களில் கண்டது ஒன்றுதான். கிரேன் ஒருவருடையது, நிலம் இன்னொருவருடையது, கிணற்றுக்குள் இறங்கும் உடம்பு காலனியிலிருந்து வருகிறது. பெரிய கட்டுமானத் தளங்களிலும் கொக்கி மாட்டவும் சுமைக்கு அடியில் நின்று திருப்பவும் ‘ஹெல்பர்’ என்ற பெயரில் போகிறவர்கள் நம் பிள்ளைகள். ஆபத்தான வேலை யாருக்கு என்பதைச் சாதி முன்கூட்டியே தீர்மானித்து வைத்திருக்கிறது. ஒப்பந்த முறை அதை அப்படியே எடுத்துக்கொண்டது.

சட்டத்திலும் ஒரு ஓட்டை இருக்கிறது. 10 அல்லது அதற்கு மேற்பட்டோர் வேலை செய்யும் இடத்துக்குத்தான் அந்தச் சட்டம் பொருந்தியது. ஆறேழு பேர் கொண்ட கிணற்றுக் குழு வெளியே நிற்கிறது. 2025 நவம்பர் 21இல் நடைமுறைக்கு வந்த புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்பிலும் இந்த வரம்பு போகவில்லை. ஆறு பேர் மேல் விழுந்தாலும் இரும்பின் எடை குறையப் போவதில்லையே!

விபத்துக்குப் பின் நடப்பது இன்னொரு கொடுமை. பிணவறை வாசலிலேயே பேரம் தொடங்கிவிடுகிறது. கொஞ்சம் ரொக்கம், வெற்றுத்தாளில் ஒரு கைநாட்டு, அத்தோடு கதை முடிந்தது என்கிறார்கள். முடியவில்லை. மரண இழப்பீட்டைத் தொழிலாளர் துறை ஆணையரிடம்தான் செலுத்த வேண்டும் என்றது 1923ஆம் ஆண்டு இழப்பீட்டுச் சட்டம். முதலாளி நேராகக் கொடுக்கும் பணம் இழப்பீடாகாது. உரிமையை விட்டுக்கொடுத்து எழுதிய ஒப்பந்தமும் செல்லாது. ஒப்பந்ததாரர் கைவிரித்தால், அவரிடம் வேலையை ஒப்படைத்த முதன்மை நிறுவனம் பொறுப்பேற்க வேண்டும். புதிய சமூகப் பாதுகாப்புத் தொகுப்பிலும் இந்த ஏற்பாடுகள் தொடர்கின்றன. கோரிக்கையை இரண்டு ஆண்டுக்குள் கொடுத்துவிட வேண்டும்.

நாம் கேட்பது இவ்வளவுதான். ஆள் எண்ணிக்கை பார்க்காமல், மனிதர் தலைக்கு மேல் சுமை தூக்கும் எந்த இயந்திரத்துக்கும் சோதனைச் சான்று கட்டாயமாக வேண்டும். கிணற்றுக் கிரேன்களை ஊராட்சியில் பதிவு செய்ய வேண்டும். அடுத்த கிராமசபையில் இதைத் தீர்மானமாக வையுங்கள். படித்த பிள்ளைகள் நல வாரியத்தில் அப்பாவின் பதிவு புதுப்பிக்கப்பட்டிருக்கிறதா என்று இன்றே பாருங்கள். அவர் நாளை வேலைக்குக் கிளம்பும்போது, கிரேனில் எடை எழுதியிருக்கிறதா, வடத்தைக் கடைசியாக யார் பார்த்தது என்று கேட்டுவரச் சொல்லுங்கள். கேட்டால் வேலை போய்விடும் என்ற பயம் நமக்கும் தெரியும். ஒருவர் கேட்டால் வேலை போகும். குழு மொத்தமும் கேட்டால் வடம் மாறும்.