காற்றும் கர்வமும்

அமெரிக்காவில் பிக்கப் வண்டியைத் தூக்கி உயர்த்திப் பெரிய டயர் மாட்டுவது ஒரு மோகம். மாட்டட்டும், அவரவர் பணம். ஆனால் டயரின் பக்கவாட்டில் ‘80 பவுண்டு’ என்று பொறித்திருப்பதை வேதவாக்காகக் கொண்டு அவ்வளவு காற்றையும் அடிக்கிறார்களே, அதைத்தான் பொறுக்க முடியவில்லை. முழுப் பாரத்துக்கான உச்சவரம்பு அது, உத்தரவல்ல. காலி வண்டியில் நடுப்பகுதிதான் தேயும், பிடிப்புக் குறையும். சொகுசுக்காகக் காற்றைக் குறைத்தாலோ, டயர் சூடேறி மேற்பட்டை உரியும். 2000-ல் ஃபயர்ஸ்டோன் சுமார் 65 லட்சம் டயர்களைத் திரும்பப் பெற்றபோது, எக்ஸ்புளோரர் வண்டிக்கு ஃபோர்டு சொன்ன 26 பவுண்டு போதாதென்று சண்டை மூண்டதே, மறந்துவிட்டதா? கதவோரத்து அட்டை பழைய டயருக்குத்தான் பேசும். புது டயருக்குப் பாரத்தை நிறுத்து, அட்டவணையைப் பார்த்து, டயர் குளிர்ந்திருக்கையில் காற்றடிக்க வேண்டும். இதற்கு மெனக்கெடாதவர் வண்டியை உயர்த்தாமலிருப்பதே ஊருக்கு உபகாரம்.