பிரிச்சா போச்சா?

டை-காஸ்ட் எனும் உலோக வார்ப்புக் குட்டி கார் சேர்ப்பவர்கள் நாலு பேர் கூடினால் அங்கே ஒரு வாக்கியம் வேதம்போல் ஓதப்படும்: "பிரிச்சா போச்சு." அட்டையில் ஒட்டிய பிளாஸ்டிக் கூட்டுக்குள் இருக்கும்வரை வண்டி சொத்து. வெளியே எடுத்துவிட்டால் வெறும் பொம்மை. அதற்கு 'லூஸ்' என்று ஒரு இளக்காரப் பெயர் வேறு. புதிதாகச் சேரும் கல்லூரிப் பையனுக்கு முதல் பாடமே இதுதான். ஒரே வண்டியில் இரண்டு வாங்கு, ஒன்றையாவது பிரிக்காமல் வை, இருபது வருஷம் கழித்து அது உன் வீட்டுக் கடனை அடைக்கும்.

தேக்கு நட்டால் கோடீஸ்வரன், ஈமு கோழி வளர்த்தால் லட்சாதிபதி என்று கேட்டுக் கேட்டுக் காது புளித்த ஊர் நம்முடையது. அந்தப் பேச்சைக் கேட்டுச் சிரிக்கிறவர்களே இந்தப் பேச்சை நம்புகிறார்கள். மூடிய பெட்டி ஒரு முதலீடு என்பது கணக்குப்படியும் தப்பு, ரசனைப்படியும் தப்பு என்பது என் கட்சி.

முதலில் கணக்கு. பழைய வண்டிகளுக்கு ஏலத்தில் நல்ல விலை கிடைக்கிறதே என்பார்கள். கிடைக்கிறது. பெட்டியோடு இருந்தால் கூடுதலாகவே கிடைக்கிறது. ஏன் என்றுதான் யாரும் கேட்பதில்லை. லண்டனில் லெஸ்னி நிறுவனத்தின் பொறியாளர் ஜாக் ஓடலின் மகள் படித்த பள்ளியில், தீப்பெட்டிக்குள் அடங்குகிற பொம்மையைத்தான் கொண்டுவரலாம் என்று ஒரு விதி. அப்பா பித்தளையில் ஒரு குட்டி ரோடு ரோலர் செய்து தீப்பெட்டியில் போட்டுக் கொடுத்தார். 1953-இல் மேட்ச்பாக்ஸ் வரிசை பிறந்த கதை இது. ஆக, பெட்டி என்பது வண்டி பள்ளிக்கூடம் போக வாங்கிய அனுமதிச் சீட்டு. அந்தப் பிள்ளைகள் வண்டிகளை மணலில் ஓட்டினார்கள், மாடிப்படியில் உருட்டினார்கள், தொலைத்தார்கள். அவர்கள் உடைத்துத் தீர்த்ததால்தான் மிஞ்சிய சில அரிதாகின. அத்தனை பேரும் நம்மைப்போல் பீரோவில் பூட்டி வைத்திருந்தால் இன்று அவற்றை எடைக்குத்தான் போட வேண்டும்.

நம் காலத்து வண்டிகளுக்கு வருவோம். ஹாட் வீல்ஸ் 1968-இல் தொடங்கியது. 2008-இல் மேட்டல் நிறுவனம் 400 கோடியாவது வண்டியை வைரம் பதித்துக் கொண்டாடியது. அதற்குப் பிறகும் இயந்திரங்கள் ஓய்ந்துவிடவில்லை. இத்தனை கோடியில் ஒன்றை வாங்கிவிட்டு, வாங்கியவர் எல்லாரும் பிரிக்காமல் வைத்தால், நாளைக்கு எது அரிது? உலகத்தில் அலமாரிதான் அரிதாகும். 1995-இல் 'டிரெஷர் ஹண்ட்' என்று பன்னிரண்டு வண்டிகளை, வகைக்குப் பத்தாயிரம் மட்டும் விட்டார்கள். பஞ்சத்தைத் தொழிற்சாலையிலேயே தயாரிக்கும் வித்தை அது. அதற்குப் பிறகு, கடை திறக்கும் முன்பே வாசலில் நின்று, பெட்டி பெட்டியாகக் கிளறி, நல்லதைப் பொறுக்கிக்கொண்டு போய் இரட்டை விலைக்கு விற்பதும் ஒரு பிழைப்பாகிவிட்டது. இதையே அரிசியில் செய்தால் பதுக்கல் என்கிறோம். காரில் செய்தால் சேகரிப்பாம்!

விலை உச்சத்தில் நிற்கும் ஹாட் வீல்ஸ் எது என்று இவர்களையே கேளுங்கள். 1969-இன் 'பீச் பாம்ப்' என்பார்கள். ஃபோக்ஸ்வேகன் வேனின் பின் கண்ணாடி வழியே இரண்டு அலைச்சறுக்குப் பலகைகள் நீட்டிக்கொண்டிருக்கும் மாதிரி அது. இளஞ்சிவப்பு நிறத்தில் உள்ள ஒன்றுக்கு ஒன்றரை லட்சம் டாலர் மதிப்புச் சொல்லப்படுகிறது. அது எந்த அட்டையில் வந்தது? எதிலும் வரவில்லை. அது சோதனைக்குச் செய்த வண்டி. உடம்பு ஒடுக்கமாக இருந்ததால், பொம்மைப் பாதையில் வண்டிகளை உந்தித் தள்ளும் கருவிக்கு அது பிடிபடவில்லை. தலைக்கனத்தால் கவிழவும் செய்தது. ஆகவே உடம்பை அகலமாக்கி, பலகைகளைப் பக்கவாட்டுக்கு மாற்றிய பிறகே கடைக்கு அனுப்பினார்கள். பெட்டியே இல்லாத, ஓட்டிப் பார்த்துத் தோற்ற ஒரு 'லூஸ்' வண்டிதான் இந்த உலகத்தின் கோஹினூர். "பிரிச்சா போச்சு" என்பவர்கள் இதற்கு என்ன சொல்வார்கள்?

கோர்கி நிறுவனம் 1965-இல் வெளியிட்ட ஜேம்ஸ் பாண்டின் ஆஸ்டன் மார்ட்டினையும் சொல்ல வேண்டும். பொத்தானை அழுத்தினால் கூரை திறக்கும், வில்லன் இருக்கையோடு வெளியே தெறிப்பான். பெட்டிக்குள் ரகசியக் குறிப்பு என்று ஒரு உறை. அதில் கூடுதலாக ஒரு குட்டி வில்லன். முதல் வில்லன் சோபாவுக்கு அடியில் காணாமல் போவான் என்று செய்தவருக்கே தெரியும். காணாமல் போகும்வரை விளையாடட்டும் என்று மாற்று ஆள் கொடுத்து அனுப்பினார். நாமோ இரண்டு வில்லன்களும் அலுங்காமல் இருந்தால்தான் முழு விலை என்கிறோம்.

பெட்டி காப்பாற்றும் என்ற நம்பிக்கையிலும் ஓட்டை உண்டு. இந்த வண்டிகளை வார்ப்பது துத்தநாகக் கலவையில். அதில் ஈயம் துளி கலந்துவிட்டாலும் உலோகம் உள்ளிருந்தே அரிக்கும். முதலில் வீங்கும், பிறகு வெடிப்பு ஓடும், கடைசியில் விரல் பட்டால் பிஸ்கட்டாக உதிரும். இரண்டாம் உலகப் போருக்கு முன்பு டிங்கி நிறுவனம் செய்த வண்டிகள் பல இப்படித்தான் போயின. வார்த்த அன்றே உள்ளே குடியேறிய நோயைப் பிளாஸ்டிக் கூடு என்ன செய்யும்? போதாததற்கு, நம் கடற்கரை ஊர்களின் ஈரத்தில் அட்டை நெளியும், பூஞ்சை பிடிக்கும், கூடு மஞ்சளிக்கும். காசைப் போட்டுவைக்க இதைவிட நல்ல இடம் தபால் ஆபீஸ்.

அடுத்து ரசனை. எனக்கு உண்மையான கோபம் இங்கேதான். சின்ன வண்டியின் ஜாதகம் அதன் அடிவயிற்றில் இருக்கிறது. யார் செய்தது, எந்த ஊர், எந்த மாடல் எல்லாம் அங்கேதான். 1960-களின் கடைசியில் டிங்கியின் பழைய அச்சுகள் சில கல்கத்தாவுக்கு வந்தன. அவற்றை வைத்து 'நிக்கி' என்ற பெயரில் வண்டிகள் வார்த்தார்கள். அச்சில் இருந்த டிங்கியைச் சுரண்டி எடுத்துவிட்டு நிக்கியைப் பொறித்தார்கள். வெளிநாட்டுச் சாமான் எளிதில் கிடைக்காத ஒரு காலத்தின் சாமர்த்தியம் அத்தனையும் அந்தச் சுரண்டலில் தெரியும். ஆனால் வண்டியைக் கவிழ்த்தால்தான் தெரியும்.

சின்ன வண்டிக்குப் பின்னால் நிற்கும் பெரிய வண்டிக்கும் இதுவே வழி. டிங்கி செய்த டிரையம்ப் ஹெரால்டை எடுத்துக்கொள்ளுங்கள். நிஜ ஹெரால்டு 1959-இல் இங்கிலாந்தில் வந்தது. வரைந்தவர் இத்தாலியரான ஜொவானி மிக்கெலோட்டி. மற்ற கார்கள் உடம்பையும் சட்டத்தையும் ஒன்றாக்கிக்கொண்டிருந்த நாளில் இதற்குத் தனிச் சேசிஸ். அதனால் உதிரியாகக் கப்பலேற்றி வேறு நாட்டில் பூட்டுவது சுலபம். 1961 முதல் சென்னையை அடுத்த வண்டலூர்ப் பக்கம் அது 'ஸ்டாண்டர்டு ஹெரால்டு' ஆகப் பிறந்தது. டிங்கியின் ஹெரால்டுக்கு இரண்டே கதவு. நம் ஊர்க்காரர்களோ பிற்பாடு நாலு கதவு வைத்தே செய்தார்கள். அந்த உடம்பு இங்கிலாந்துக்காரர்களுக்குக் கிடைக்கவே இல்லை. முன் இருக்கையை மடித்துவிட்டுப் பாட்டியைப் பின்னால் ஏற்றிப் பார்த்தவர்களுக்குக் காரணம் சொல்ல வேண்டியதில்லை. பொம்மையைக் கையில் வைத்துக் கதவை எண்ணியபோதுதான் இந்தக் கதையே என்னிடம் வந்தது.

என் காசு, என் வண்டி, பிரிக்காமல் வைப்பது என் இஷ்டம் என்று ஒருவர் சொல்லலாம். சரிதான். பழைய மேட்ச்பாக்ஸ் பெட்டியின் ஓவியத்துக்காகவே பெட்டியைப் போற்றுகிறவர்களையும் நான் குறை சொல்லவில்லை. அவர்கள் அந்தப் பெட்டியையாவது பார்க்கிறார்கள். விலைப்பட்டியலை மட்டும் பார்த்துக்கொண்டு, வண்டியை அதன் அத்தாட்சியாக அடைத்து வைப்பவர்களோடுதான் என் சண்டை.

என்னிடம் ஒரு டிங்கி ஹெரால்டு இருக்கிறது. பெட்டி இல்லை, மூக்கில் பெயிண்ட் போயிருக்கிறது. ஒருநாள் வீட்டுக்கு வந்த ஓய்வுபெற்ற மெக்கானிக் ஒருவர் அதை எடுத்து, கவிழ்த்துப் பார்த்து, நிமிர்த்தி, முன்மூடியின் விளிம்பில் நகத்தைக் கொடுத்து நெம்பினார். "என்ன சார், இதுல பானெட் தொறக்கலியே?" என்றார். "நிஜ ஹெரால்டுல பானெட்டு, மட்கார்டு எல்லாம் ஒண்ணா முன்னால சாயும். முன் டயர் மேலயே உக்காந்து இன்ஜின் வேலை பாத்துடலாம். அப்படி உக்காந்து எத்தனை மத்தியானம் சோறு தின்னுருக்கேன் தெரியுமா?" அரை மணி நேரம் பேசினார். பேச்சு முழுக்க அவர் நகம் அந்தத் திறக்காத மூடியை நெம்பிக்கொண்டே இருந்தது.

அவர் போன பிறகு வண்டியைப் பார்த்தேன். மூக்கில் இன்னும் ஒரு துணுக்குப் பெயிண்ட் போயிருந்தது. ஏலக் கணக்கில் கொஞ்சம் நஷ்டம்தான்.