புதிய ஏபிஎஸ் விதி உங்கள் கப்சாய்க்குப் பொருந்துமா?

மலேசியச் சாலைகளில் ஆண்டுக்கு 6,000-க்கும் மேற்பட்டோர் உயிரிழக்கிறார்கள். அவர்களில் 10-இல் 6 பேருக்கு மேல் மோட்டார் சைக்கிளில் சென்றவர்கள். "அதெல்லாம் மாட் ரெம்பிட் பசங்க பண்ற வேலை" என்று சொல்லிவிட்டு நகர்வது சுலபம். ஆனால் கடைக்கும் வேலைக்கும் டியூஷனுக்கும் போய்வரும் சாதாரணப் பயணங்களும் இந்தக் கணக்கில் இருக்கின்றன.

புதிய விதி என்ன?

150 சிசி-யும் அதற்கு மேலும் உள்ள புதிய மோட்டார் சைக்கிள்களுக்கு 2025 ஜனவரி 1 முதல் மலேசியாவில் ஏபிஎஸ் கட்டாயம். அவசரத்தில் பிரேக்கை அழுத்தும்போது சக்கரம் சுழலாமல் நின்றுபோனால் வண்டி வழுக்கும். ஏபிஎஸ், பிரேக்கின் அழுத்தத்தை நொடிக்குப் பலமுறை விட்டுவிட்டுக் கொடுத்து அதைத் தடுக்கிறது. இந்தியாவில் 2018 ஏப்ரலிலேயே 125 சிசி-க்கு மேற்பட்ட புதிய மாடல்களுக்கு இது கட்டாயமாகிவிட்டது.

எங்க வீட்டு மோட்டாருக்கு?

பெரும்பாலும் பொருந்தாது. தோட்டப்புறங்களில் அதிகம் ஓடும் கப்சாய்கள் 150 சிசி-க்குக் குறைந்தவை. ஹோண்டா இஎக்ஸ்5 கிட்டத்தட்ட 110 சிசி-தான். ஏற்கெனவே வாங்கிய வண்டிக்கும் விதி வராது. ஆக, உங்கள் வண்டியில் ஏபிஎஸ் செய்ய வேண்டிய வேலையை உங்கள் கையும் காலும்தான் செய்ய வேண்டும்.

சாஆ போன்ற ஊரில் என்ன ஆபத்து?

ஜொகூரில் யொங் பெங்கிற்கும் லாபிஸுக்கும் இடையே, கூட்டரசுச் சாலை 1-இல் இருக்கிறது சாஆ. சுற்றிலும் செம்பனைத் தோட்டங்கள். தோட்டப் பாதையிலிருந்து மெதுவாக வரும் மோட்டார், நெடுந்தூர வாகனங்கள் விரையும் சாலையில் ஏற வேண்டும்.

கூட்டரசுச் சாலையில் பொதுவான வேக வரம்பு மணிக்கு 90 கிலோமீட்டர், அதாவது நொடிக்கு 25 மீட்டர். 100 மீட்டர் தள்ளி வரும் கார், நான்கே நொடியில் உங்கள் முன்னால் இருக்கும். "தூரமாத்தானே வருது" என்று சாலையைக் கடக்கும் முடிவு இங்கேதான் தப்பாகிறது.

உங்கள் கையில் இருப்பவை

- பிரேக்: வேகம் குறையும்போது எடை முன்சக்கரத்துக்கு வருகிறது. அதனால் வண்டியை நிறுத்தும் வேலையில் பெரும்பங்கு முன் பிரேக்குக்கு. பின் பிரேக்கை மட்டும் மிதிக்கும் பழக்கம் இருந்தால் மாற்றுங்கள். இரண்டையும் சேர்த்து, படிப்படியாக அழுத்துங்கள். காலியான திடலில் பழகிப் பாருங்கள்.

- விளக்கு: பகலிலும் மோட்டார் சைக்கிளின் முன்விளக்கு எரிய வேண்டும் என்பது 1992 முதல் மலேசியச் சட்டம். மற்ற ஓட்டுநர்கள் கவனிக்காததால் நேரும் மோட்டார் சைக்கிள் விபத்துகள் இதனால் சுமார் 29 விழுக்காடு குறைந்ததாக மலேசிய ஆய்வு ஒன்று கண்டறிந்தது. பல்பு போனால் அன்றைக்கே மாற்றுங்கள்.

- தலைக்கவசம்: மரண அபாயத்தை 42 விழுக்காடும் தலைக்காய அபாயத்தை 69 விழுக்காடும் இது குறைப்பதாகப் பல ஆய்வுகளைத் தொகுத்த காக்ரேன் அறிக்கை சொல்கிறது. சிரிம் முத்திரை இருக்கிறதா பாருங்கள். "பக்கத்துலதானே போறேன்" என்று பக்கிள் மாட்டாமல் போனால், விழும்போது அது தலையில் இருக்காது.

- இடைவெளி: முன்னால் போகும் வண்டியோடு குறைந்தது 2 நொடி இடைவெளி விடுங்கள். மழையில் 4 நொடி.

- லோரி: ஓட்டுநரின் பக்கக் கண்ணாடி உங்களுக்குத் தெரியவில்லை என்றால், அவருக்கும் உங்களைத் தெரியாது. அந்த இடத்தில் தங்காதீர்கள்.

ஓட்டுபவர் மட்டும்தான் பொறுப்பா?

இல்லை. கிள்ளான் பள்ளத்தாக்கில் உள்ள கூட்டரசு நெடுஞ்சாலையில் 1970-களிலேயே மோட்டார் சைக்கிளுக்குத் தனிப்பாதை போடப்பட்டது. அங்கே மோட்டார் சைக்கிள் விபத்துகள் சுமார் 39 விழுக்காடு குறைந்ததாக ஆய்வு காட்டியது. ஓட்டுபவரின் பழக்கத்தை மாற்றியதால் வந்த பலன் இல்லை இது, சாலையை மாற்றியதால் வந்தது.

சிற்றூர்ச் சாலை எல்லாவற்றிலும் தனிப்பாதை போட முடியாமல் இருக்கலாம். ஆனால் தோட்டச் சந்திப்பில் ஒரு விளக்கு, எச்சரிக்கைப் பலகை, குழியில்லாத ஓரம் ஆகியவை கேட்கக்கூடியவைதான். கூட்டரசுச் சாலையைப் பராமரிப்பது பொதுப்பணித் துறை (ஜேகேஆர்). உங்கள் ஊர்ச் சந்திப்பு இருட்டாக இருந்தால் படம் எடுத்து, இடத்தைக் குறிப்பிட்டுப் புகார் கொடுங்கள். அதுவரை, கடக்கும் முன் இன்னொரு முறை வலப்பக்கம் பாருங்கள்.